மட்டாஞ்சேரியின் மனச்சான்று

சேலம் என்ற பெயரைக் கேட்டவுடன் நமக்கு மாம்பழமும் ஏற்காட்டு மலையும் நினைவுக்கு வரும். ஆனால் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நின்று அப்பெயரைச் சொன்னால் அங்குள்ளோர்க்கு நினைவுக்கு வருபவர் ஒரு மனிதர். அத்தெருவுக்கே ஏ. பி. சேலம் சாலை என்ற பெயர் உண்டு. அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு உறவுடைய பெயர் அது. ஆனால் அப்பெயரைத் தாங்கியவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதி அமைதியாக இருந்தவர் அல்லர்.

விடுமுறை நாட்களில் நம் மாணவர்கள் மட்டாஞ்சேரிக்குப் போகிறார்கள். அரண்மனைச் சுவரோவியங்களைக் காண்கிறார்கள். ஏலமும் சுக்கும் மணக்கும் கடைகளைக் கடந்து யூதப்பள்ளிக்குள் நுழைகிறார்கள். தரையில் பதித்த நீலநிறச் சீனத்து ஓடுகளையும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் கண்டு வியக்கிறார்கள். வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பள்ளிக்குள் இருக்கையில் அமரும் உரிமைக்காக ஒரு வழக்கறிஞர் ஆண்டுக்கணக்கில் போராடினார் என்பதை அறிந்து திரும்புவோர் சிலரே. அவர்தாம் ஆபிரகாம் பாரக் சேலம்.

தம் உள்ளத்தின் குரலை நம்பி வாழ்வது என்றால் என்ன? நம் வயதில் இக்கேள்வி எல்லோருக்கும் எழுகிறது. பலர் அதற்குப் பெரிய மேதைகளின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுவர். நமக்குப் பக்கத்திலேயே, படகுத்துறைக்கு அப்பால் வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கை இதற்கு இன்னும் தெளிவான விடை தருகிறது என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

எழுபத்திரண்டு உரிமைகள்

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு வழங்கினான். அது முயிரிக்கோட்டில் எழுதப்பட்டது. சங்கப் பாடல்கள் புகழும் முசிறியே அது என்பர் அறிஞர். அதன் எழுத்து வட்டெழுத்து. நம் தமிழ்க் கல்வெட்டுகளில் நாம் காணும் அதே வட்டெழுத்து. பல்லக்கு, குடை முதலாக எழுபத்திரண்டு உரிமைகளை அந்தச் செப்பேடு யூதர்க்கு அளித்தது.

கொச்சி யூதர் எல்லாரும் ஒரே இனத்தாராக வாழவில்லை. நெடுங்காலமாக இம்மண்ணில் வாழ்ந்தவர்கள் மலபாரி யூதர்கள். அவர்கள் தமக்கென ஏழு தொழுகைக் கூடங்களை வைத்திருந்தார்கள். 1492-இல் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றிய பின்பு, பதினாறாம் நூற்றாண்டு முதலாக அங்கிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பரதேசி யூதர்கள். நம் தமிழில் பரதேசி என்றால் ஆண்டி என்று பொருள் கொள்கிறோம். இங்கே அச்சொல்லுக்குப் பிறநாட்டார் என்பதே பொருள். அவர்கள் 1568-இல் கட்டியதுதான் நாம் காணும் மட்டாஞ்சேரிப் பள்ளி.

மூன்றாவதாக ஒரு சிறு கூட்டம் இருந்தது. பரதேசி யூதர்களிடம் அடிமைகளாக இருந்து, பின் விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அக்கூட்டத்தினர். எபிரேய மொழியில் அவர்களை மெசுக்ராரிம் என்பார்கள். விடுவிக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். பெயரில் விடுதலை இருந்தது. பள்ளிக்குள் அது இல்லை. வழிபாட்டு நேரத்தில் அவர்கள் இருக்கைகளில் அமரக் கூடாது. பின்புறத்துத் தரையிலோ படியிலோதான் அமர வேண்டும். தோரா என்னும் மறைச்சுருளை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. பரதேசி யூதரின் இடுகாட்டில் அவர்களுக்கு இடமில்லை. கொள்வினை கொடுப்பினை அறவே கிடையாது.

இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய மறைநூற் சட்டம் இத்தகைய ஒதுக்கலுக்கு இடம் தரவில்லை. கொச்சியிலிருந்து இது பற்றி எழுதிக் கேட்டபோது, கெய்ரோ நகரில் இருந்த யூதப் பேரறிஞர் டேவிட் இபன் சிம்ரா, முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்ட பின் அவர்களும் யூதர்களே என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதி அனுப்பினார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. நாட்டில் சாதி எங்கும் இருந்தது. அதன் காற்று பள்ளிக்குள்ளும் வீசியது. எழுபத்திரண்டு உரிமைகளைப் போற்றி வைத்திருந்த கூட்டம், தன்னைச் சேர்ந்த ஒரு சிலருக்கு ஓர் இருக்கையை மறுத்தது.

கற்றவரும் கடைசி இடமும்

இந்த மெசுக்ராரிம் குடும்பம் ஒன்றில் 1882-இல் பிறந்தார் சேலம். எறணாகுளத்து மகாராஜாக் கல்லூரியில் படித்தார். பின் சென்னைக்குச் சென்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கேயே சட்டமும் பயின்று தேறினார். அவர் கூட்டத்தில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞரும் அவரே. கல்விக்காக நாம் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்திருக்கிறோம். அவர் கொச்சியிலிருந்து நம் தலைநகருக்குச் சென்றவர். அந்த உறவை நாம் மறக்க வேண்டாம்.

சட்டம் படித்தவர் ஊர் திரும்பினார். எறணாகுளத்து நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கினார். வாரம் முழுவதும் நீதிபதிக்கு முன் நின்று பிறருடைய உரிமைகளுக்காக வாதிட்டார். ஓய்வுநாள் வந்தால் யூதப்பள்ளிக்குச் செல்வார். அங்கே அவருக்குரிய இடம் முன்னோர்க்குக் கொடுத்த அதே கடைசி இடம்தான். அவர் கற்ற கல்வி அந்த இடத்தை ஓர் அடிகூட முன்னே நகர்த்தவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சேலத்துக்கு முன் மூன்று வழிகள் திறந்திருந்தன.

முதல் வழி, அடங்கிப் போவது. வழக்கம் அப்படித்தான், நம் தந்தையரும் இப்படித்தானே அமர்ந்தார்கள் என்று எண்ணி இருந்துவிடலாம். இரண்டாம் வழி, விலகிப் போவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெசுக்ராரிம் சிலர் அவ்வாறு செய்தும் பார்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கோட்டைக் கொச்சிக்குப் போய்த் தனியே வழிபாடு நடத்தினர். ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை. அவர்கள் பழைய பள்ளிக்கே திரும்ப நேர்ந்தது. மூன்றாம் வழி எல்லாவற்றிலும் இனிமையானது. வெளியுலகில் பெயரும் பணமும் தேடிக்கொண்டு, பள்ளிக்குள் நடப்பதைச் சிறிய செய்தி என்று மறந்துவிடுவது. படித்தவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றாம் வழியையே.

சேலம் மூன்றையும் மறுத்தார். நான் யூதன், இது என் பள்ளி, இங்கிருந்து விலகமாட்டேன் என்பது அவர் உள்ளம் உரைத்த ஒன்று. நான் மனிதன், கீழான இடத்தை ஏற்கமாட்டேன் என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். அவர் இரண்டையும் ஒருங்கே கேட்டார். அவருடைய துன்பமும் பெருமையும் அதிலிருந்தே பிறந்தன.

அறப்போர்

அக்காலம் நாடெங்கும் கதவுகள் தட்டப்பட்ட காலம். கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை வேண்டும் என்று 1924 மார்ச்சுத் திங்களில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி அங்கு வந்து இருமுறை சிறை புகுந்தார் என்பதை நாம் அறிவோம். அடுத்த ஆண்டு, 1925-இல், காந்தியடிகளும் வைக்கத்துக்கு வந்தார். நீர்வழியே சில மணி நேரப் பயணத்தில் இருந்த மட்டாஞ்சேரியில் சேலம் தம் பள்ளியின் வாசலில் அதே கேள்வியை எழுப்பினார்.

அவர் தேர்ந்தெடுத்த படைக்கலம் காந்தியடிகள் காட்டிய அறப்போரே. பள்ளியைப் புறக்கணித்து வெளியே நின்றார். யாரையும் அடிக்கவில்லை. தம் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அவரை யூத காந்தி என்று அழைக்கலாயினர்.

புறக்கணிப்பு என்பது நமக்கு இன்று எளிய சொல்லாகத் தோன்றலாம். நாம் வகுப்பைப் புறக்கணித்தால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் ஒரு குறை விழும், அவ்வளவே. ஆனால் ஒரே தெருவில் சில குடும்பங்கள் மட்டும் வாழும் சிறிய ஊரில், பிறப்பும் திருமணமும் இறப்பும் அந்த ஒரே பள்ளியைச் சுற்றி நடக்கும் இடத்தில், அப்பள்ளியின் வழக்கத்தை எதிர்ப்பது வேறு. நாள்தோறும் எதிர்வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத அரசை எதிர்ப்பதைவிட, பெயர் சொல்லி அழைக்கும் அண்டைவீட்டாரை எதிர்ப்பது கடினம். அதைச் செய்தவர் அவர்.

இதற்கிடையே அவர் செய்த இன்னொரு செயல் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. 1929-இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை எறணாகுளத்தில் வெளியிட்டார். அதன் பொருள் என்ன தெரியுமா? மட்டாஞ்சேரி யூதப்பள்ளிதான். அதற்கு அவர் இட்ட பெயர் எடர்னல் லைட். அணையாத ஒளி என்று நாம் சொல்லலாம். தமக்கு இடம் தராத பள்ளியைப் பழித்து அவர் நூல் எழுதியிருக்கலாம். அவரோ அதனை ஒளி என்று அழைத்தார். பள்ளி வேறு, பள்ளியில் நுழைந்த குற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவருக்கு இருந்தது. சினத்தில் பேசும் குரலுக்கும் மனச்சான்றின் குரலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1930-களின் நடுவில் பழைய விலக்குகள் பல மறைந்துவிட்டன என்று அக்காலத்தில் கொச்சி யூதரை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் டேவிட் மாண்டல்பாம் குறித்திருக்கிறார். 1936-இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிக்கை வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவுகள் திறந்தன. நாட்டில் வீசிய புதிய காற்றும் அவருக்குத் துணை நின்றது. ஆனால் காற்று வீசும்போது கதவைத் தள்ள ஒரு கை வேண்டும் அன்றோ? மட்டாஞ்சேரியில் அந்தக் கை சேலத்தின் கை.

சட்டமும் வழக்கமும் மாறியபின்னும் உள்ளங்கள் மாற நாள் ஆயிற்று. 1950-இல் அவர் மகன் பால்பர், பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தார். அத்திருமணம் ஊரில் பெருந்துயரத்தைக் கிளப்பியது. மணமக்கள் கொச்சியை விட்டு வெளியூர் சென்று வாழ நேர்ந்தது. இருக்கையில் இடம் கிடைத்துவிட்டது. இல்லத்தில் இடம் கிடைக்கவில்லை. தந்தை தொடங்கிய போரின் விலையை மகனும் மருமகளும் செலுத்தினர். இதை மறைத்துவிட்டு அவர் வெற்றியை மட்டும் பாடினால் அது வரலாறு ஆகாது.

நாட்டுக்கும் நாவுக்கும்

பள்ளிக்குள் கடைசி இடம் பெற்றவரைக் கொச்சி நாடு முன்னிடத்தில் அமர்த்தியது. 1925-இல் கொச்சிச் சட்டமன்றம் தொடங்கியபோதே அதில் உறுப்பினரானார். 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் அங்குப் பணியாற்றினார். அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் சங்க இயக்கத்துக்கு ஆதரவாக நின்றார். 1929 இறுதியில் லாகூரில் காங்கிரசு மாநாடு கூடியது. முழு விடுதலையே குறிக்கோள் என்று நேரு தலைமையில் தீர்மானம் நிறைவேறிய மாநாடு அது. இந்தியாவின் தென்கோடியிலிருந்து அவ்வளவு தொலைவு பயணம் செய்து அதில் கலந்துகொண்டவருள் சேலமும் ஒருவர்.

ஒரே ஆண்டில் பள்ளியைப் பற்றி நூல் வெளியிட்டவரும் அவரே. நாட்டின் விடுதலை மாநாட்டுக்குச் சென்றவரும் அவரே. யூதராக இருப்பதும் இந்தியராக இருப்பதும் அவருக்கு முரணாகப் படவில்லை. வேற்று மொழி வழங்கும் ஊரில் தமிழராக வாழும் நமக்கு இது நல்ல பாடம். மலையாளம் பேசக் கற்றால் தமிழ் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தமிழன் என்று சொன்னால் அயலான் என்று எண்ணுவார்கள் என்று கூச வேண்டியதும் இல்லை.

அனுப்பிவைத்தவர், அங்கேயே இருந்தவர்

1933-இல் அவர் பாலஸ்தீனம் சென்று வந்தார். யூதர்க்கு அங்கே ஒரு தாயகம் வேண்டும் என்ற கருத்தில் ஈடுபாடு கொண்டார். இஸ்ரேல் நாடு 1948-இல் அமைந்தபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர், சிறப்பாக மலபாரி யூதர்கள், அங்குக் குடியேற விரும்பினர். வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுப் புறப்படக் காத்திருந்தனர். ஆனால் ஓர் இடையூறு வந்தது. கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் பரவியிருந்தது. இவர்கள் வந்தால் அந்நோயும் வருமோ என்று அங்குள்ள மருத்துவத் துறையினர் அஞ்சினர்.

அறிவியல் மாணவர்க்கு இது தெரிந்த செய்தி. யானைக்கால் நோய் தொட்டால் ஒட்டுவதன்று. நுண்ணிய இழைப்புழுக்களால் வருவது. கொசு கடித்துப் பரவுவது. ஒருவருடைய குருதியில் புழு இருந்தாலும், அதனை வளர்த்துப் பரப்பும் கொசு இல்லாத இடத்தில் நோய் பரவ வழியில்லை. ஆனால் அச்சம் ஆராய்ச்சிக்கு முன்பே ஓடி விடுகிறது. காத்திருந்தவர்கள் இடையில் சிக்கித் தவித்தனர். இங்கே வாழ்வு முடிந்தது, அங்கே வாழ்வு தொடங்கவில்லை என்னும் நிலை.

அப்போது அவர்களுக்காகப் பேச 1953-இல் இஸ்ரேல் சென்றவர் எழுபத்தொரு வயதுச் சேலம். ஊர் ஊராகச் சென்று மலபாரி யூதர்களைச் சந்தித்தவரும் அவரே. அதன்பின் பெருந்தொகையினர் கடல் கடந்தனர். நெவாதிம் போன்ற உழவர் குடியிருப்புகளில் கொச்சியினர் புதுவாழ்வு தொடங்கினர்.

அனைவரையும் அனுப்பிவைத்த அவர் போனாரா? போகவில்லை. மட்டாஞ்சேரியிலேயே இருந்தார். நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உடையவர். பழகிய தெருவிலேயே முதுமையைக் கழித்தார். 1967-இல் அங்கேயே மறைந்தார். மறு ஆண்டில் பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா, பிரதமர் இந்திரா காந்தி வருகை தர, சிறப்பாக நடந்தது. அவ்விழாவைக் காண அவர் இல்லை.

பிறரைப் போகச் சொல்லித் தாம் இருந்துவிட்டது முரண் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போக விரும்பியவர்க்குப் போகும் உரிமை வேண்டும். அதற்காக அவர் உழைத்தார். இருக்க விரும்பியவர்க்கு இருக்கும் உரிமை வேண்டும். அதனை அவர் தாமே வாழ்ந்து காட்டினார். தம் உள்ளத்தின் குரலை மதிப்பவனே பிறர் உள்ளத்தின் குரலையும் மதிக்க முடியும்.

நாம் கொள்ள வேண்டியது

உள்ளத்தில் எழும் எல்லாக் குரலும் மனச்சான்றின் குரல் ஆகுமா? ஆகாது. சோம்பலுக்கும் குரல் உண்டு. செருக்குக்கும் குரல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருத்துத் தோன்றியவுடன் நாம் அதனை உண்மை என்று எழுதிவிடுவதில்லை, சோதித்துப் பார்க்கிறோம். உள்ளத்தின் குரலையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். சேலத்தின் வாழ்க்கை மூன்று சோதனைகளை நமக்குத் தருகிறது.

அக்குரல் எனக்கு மட்டும் தனிச் சலுகை கேட்கிறதா, எல்லார்க்கும் உள்ள உரிமையைக் கேட்கிறதா? சேலம் முன்வரிசை கேட்கவில்லை. மற்றவர் அமரும் இருக்கையையே கேட்டார். அக்குரலுக்காக விலை கொடுப்பவன் நானா, பிறரா? அவர் முதலில் தம்மையே விலையாக வைத்தார். பின்னாளில் அவர் வீடும் அதில் பங்கு கொண்டது. எதிர்ப்பவர்மேல் வெறுப்பின்றி அக்குரலைப் பேச முடிகிறதா? பள்ளியை அணையாத ஒளி என்று அழைத்தவரிடம் இதற்கும் விடை இருக்கிறது.

இம்மூன்றிலும் தேறிய குரலை நம்பலாம். அது நம்மை ஊரை விட்டு ஓடச் சொல்லாது. ஊருக்காக நம்மை அழித்துக்கொள்ளவும் சொல்லாது. விடுதியில் நம் பேச்சைக் கேட்டு யாரேனும் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரித்து நம்மை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. நம் இடத்தில் நாமாக அமர்ந்திருந்தால் போதும். நம் பக்கத்தில் யாரேனும் தரையில் அமர்த்தப்பட்டால், அங்கும் நம் குரல் எழ வேண்டும். நம்மவரே ஒருவரைத் தரையில் அமர்த்தினால், அப்போது இன்னும் உரத்து எழ வேண்டும். சேலம் போராடியது அயலாரோடு அன்று, தம்மவரோடு என்பதை மறவாதிருப்போம்.

இன்று யூதத் தெருவில் யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. உயர்ந்தவர் என்று எண்ணிய பரதேசிக் குடும்பங்களும் காலப்போக்கில் கடல் கடந்துவிட்டன. பள்ளியின் இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருக்கின்றன. யாருக்கு இடமில்லை என்று சொன்னார்களோ, அவருடைய பெயர் அத்தெருவில் நிலைத்திருக்கிறது.

அடுத்த முறை மட்டாஞ்சேரிக்குச் செல்லும் நண்பர்கள் சீனத்து ஓடுகளைக் காணட்டும், விளக்குகளையும் காணட்டும். வெளியே வரும்போது வாசற்படியையும் ஒரு நொடி நின்று பார்க்கட்டும்.